பாங்குக்கு முன் ஒரு செருமல்

நோன்பு மாதம் வந்துவிட்டால் தும்யாத் நகரத்து மரப்பட்டறைச் சந்தில் யாரும் கடிகாரத்தை நம்புவதில்லை. தச்சர் ஸக்லூலின் கைக்கடிகாரம் எந்நேரமும் அவசரப்படும். மருந்துக்கடைச் சுவர்க் கடிகாரமோ யோசித்து யோசித்து நகரும். நோன்பு திறக்கும் நேரத்துக்கு டெலிவிஷனில் சுடுகிற பீரங்கியையாவது நம்பலாம் என்றால் அது கெய்ரோவுக்குச் சுடுகிற பீரங்கி. குளிர்காலத்தில் எங்கள் ஊரில் சூரியன் கெய்ரோவை முந்திக்கொண்டு இறங்கிவிடும். தலைநகரத்துக்கு மரியாதை காட்ட இன்னும் கொஞ்ச நேரம் வயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று எங்களுக்கு என்ன தலையெழுத்தா? ஆகவே சந்து நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். அது ஃபர்கலியின் தொண்டை.

ஃபர்கலி பகலில் கட்டில், அலமாரி, நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுகிறவர். சந்து முனைப் பள்ளிவாசலில் ஐந்து வேளையும் பாங்கு சொல்கிற மோதினாரும் அவர்தான். அந்தி நேரத்தில் மைக்கின் பொத்தானை அமுக்குவார். ஒலிபெருக்கிக் குழாயில் 'டக்' என்று கேட்கும். அடுத்து, 'க்ஹும், க்ஹும்' என்று இரண்டு செருமல். அதற்குப் பிறகுதான் பாங்கு. சட்டப்படி பார்த்தால் பாங்கு கேட்டுத்தான் நோன்பு திறக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷப் பழக்கத்தில் 'டக்' கேட்டதும் கை பேரீச்சம்பழத்துக்குப் போகும், முதல் செருமலுக்குப் பழம் உதட்டுக்கு வரும், இரண்டாவது செருமலுக்குப் பாதிச் சந்தின் பல்லுக்கிடையே பழம் இருக்கும். ஃபர்கலி பிசகாத மனிதர் என்பதால் யாருக்கும் ஒரு பாதகமும் நேர்ந்ததில்லை.

அந்தச் செருமலுக்கு ஒரு கதை உண்டு. கால்வாய்க் கரையில் குண்டு விழுந்த காலத்தில் போர்ட் சயீதிலிருந்து குடும்பம் குடும்பமாக எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார்கள். ஃபர்கலியும் அவர் தாயும் அப்படி வந்தவர்கள்தான். சந்தில் ஒரு பட்டறையின் பின்கட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். கோணிப்பைக்குள் மரச்சுருளை அடைத்து மெத்தை தைத்தார்கள். யாரும் வாடகை கேட்கவில்லை. கேட்காததுதான் அந்தத் தாயை அரித்தது. "சும்மா தின்னுட்டுச் சும்மா படுத்தா நாளைக்கு இவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்று சொல்லிச் சொல்லியே மகனை வளர்த்தாள். ஒரு நாள் பழைய மோதினார் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, குரல் இருக்கிறதே என்று ஃபர்கலியை மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். பயத்தில் வாய் உலர்ந்து போய் இரண்டு தடவை செருமினார். அப்புறம் வந்த குரலைக் கேட்டுப் பட்டறைகளில் ரம்பம் நின்றது. அன்றிலிருந்து மைக் அவருடையது. பயம் போய்விட்டது. செருமல் மட்டும் தங்கிவிட்டது.

சண்டை முடிந்து மற்றவர்கள் போர்ட் சயீதுக்குத் திரும்பிப் போனார்கள். ஃபர்கலி போகவில்லை. இங்கேயே தஃபீதாவைக் கல்யாணம் செய்துகொண்டு மூன்றாவது மாடியில் குடியிருந்தார். ஆனால் மனதின் ஒரு மூலையில் அவர் இன்னும் விருந்தாளிதான். தன்னை இங்கே வைத்திருப்பது தன் குரல் என்று நினைத்தார். அந்தக் கொடுக்கல் வாங்கல் சந்துக்குத் தெரியாது. அவராகவே தன் மனதுக்குள் எழுதிக்கொண்ட பத்திரம் அது.

அந்த வருஷம் நோன்பு கடுங்குளிரில் வந்தது. கடைசிப் பத்து நாள் தொடங்கும் முன்பே ஃபர்கலிக்கு ஜலதோஷம் பிடித்தது. மூக்கு ஒழுகி, உடம்பு கதகதத்து, எல்லாருக்கும் வருவது போலத்தான் வந்தது. மூக்கு அடங்கியது, காய்ச்சல் போனது. இருமல் மட்டும் போகவில்லை. சளி ஒரு துளி வராத வறட்டு இருமல். தொண்டைக்குள் யாரோ கோழி இறகை விட்டு ஆட்டுவது போல ஒரு அரிப்பு. அது கிளம்பினால் கண்ணில் நீர் முட்டும்வரை விடாது. பகலெல்லாம் வாயில் தண்ணீர் படவில்லை. வேலையோ உப்புத்தாள் தேய்க்கிற வேலை, மூச்சு இழுத்தால் மரத்தூள். தொண்டைக்கு அதைவிட என்ன கெடுதல் வேண்டும்? சந்து முழுவதும் பெருநாளைக்கு முன்னால் கல்யாணக் கட்டில்களை முடித்துக் கொடுக்கிற அவசரத்தில் இருந்தது. இவர் லீவு கேட்கவில்லை.

"ஏங்க, டாக்டரம்மா மருந்துக்கடைக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வாங்களேன்" என்றாள் தஃபீதா.

"இருமலுக்கெல்லாம் டாக்டரம்மாவா? தானா வந்தது தானா போகும்."

"எங்க அண்ணன் கூடப் போன வருஷம் அப்படித்தான் வந்தாரு. மூணு மாசம் போகலயே" என்றாள் அவள். பெருநாளுக்கு என்று வந்துவிட்டு மாதக்கணக்கில் தங்கிப்போகிற மைத்துனர் அவர். ஃபர்கலி சிரித்தார், சிரித்ததில் இருமல் கிளம்பி, அது அடங்குவதற்குள் சிரித்த விஷயமே மறந்து போனது.

வினை ஒரு நாள் பிற்பகல் அஸர் தொழுகையில் ஆரம்பித்தது. பாங்கை ஒருவழியாக முடித்ததும் இருமல் பிய்த்துக்கொண்டு வர, வாயில் சால்வையைப் பொத்திக்கொண்டு கீழே ஓடிவிட்டார். மைக்கின் பொத்தானை அணைக்க மறந்து போனார். பின்னால் யாரோ ஒலியைப் பெருக்குகிற பெரிய கருவியை மட்டும் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கருவி பழசு. சூடேறிக் குரல் கொடுக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால் ஃபர்கலி எப்போதும் சற்று முன்னதாகவே வந்து அதைத் தட்டிவிட்டு, நேரம் வரும்போது மைக்கைப் போடுவார்.

அன்று அந்தியில் வானம் முழுக்க மழை மேகம். சூரியன் எங்கே இருக்கிறது என்று சூரியனுக்கே தெரியாது. சந்தில் வீட்டுக்கு வீடு தட்டு வைத்தாயிற்று, புளிப்பானம் ஊற்றியாயிற்று. ஃபர்கலி படியேறிப் போய்ப் பெரிய கருவியைத் தட்டினார். அது சூடேறியது. மைக் ஏற்கெனவே திறந்திருந்ததால் குழாயில் 'டக்' என்றது. அதை அவர் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதே நொடியில் தொண்டையில் இறகு ஆடியது. 'க்ஹும், க்ஹும்.' மூன்றாவது வருவதற்குள் சால்வையைச் சுருட்டி வாயில் திணித்து மூச்சையே அடக்கிக்கொண்டார். நல்லவேளை, இன்னும் நேரமிருக்கிறது, பாங்குக்குள் அடங்கிவிடும் என்று அல்லாவுக்கு நன்றி சொன்னார்.

கீழே, கைக்கு எட்டியது வாய்க்கும் எட்டிவிட்டது. பாங்குதான் வரவில்லை.

வாயில் பழத்தை வைத்துக்கொண்டு சந்தே காது கொடுத்துக் கேட்டது. ஒன்றுமில்லை. மழை கூரைத் தகரத்தில் சொட்டுகிற சத்தம்தான். மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஸக்லூல் அதற்குள் ஒரு பெரிய தம்ளர் புளிப்பானத்தை ஒரே மூச்சில் இறக்கியிருந்தார். அவர்தான் முதலில் எட்டிப் பார்த்தார்.

"ஷேக்கே! யோவ் ஃபர்கலி! பாங்கு எங்கய்யா?"

ஃபர்கலி சின்ன ஜன்னல் வழியே குனிந்தார். "இன்னும் நேரம் ஆகலயே!" என்றார். அவர் சொன்னது மைக்கிலும் போய், குழாய் வழியாகச் சந்து முழுக்க ஒலித்தது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவசரமாக அணைத்த பொத்தானிலிருந்து கை எடுக்க முடியாமல் அப்படியே நின்றார். கீழே கூச்சல் கிளம்பிவிட்டது. துப்பினவர் தப்பித்தார், விழுங்கினவர் மாட்டினார் என்பது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அன்றைய நோன்பு போச்சு, பெருநாளைக்குப் பிறகு ஒரு நாள் களா நோன்பு வைத்து ஈடுகட்ட வேண்டும். "நான் கடிக்கவே இல்ல, சும்மா நாக்குல வச்சிருந்தேன்" என்று ஒரு பக்கம். "அப்ப கொட்டை எங்கடா?" என்று இன்னொரு பக்கம். புளிப்பானம் குடித்த ஸக்லூலுக்கு மட்டும் வாதாட வழியே இல்லை. மீசையில் ஒட்டியிருந்தது.

நேரம் வந்தது. ஃபர்கலி மைக்கைப் போட்டார். முதல் வரிகள் சுமாராகப் போயின. 'தொழுகைக்கு வாருங்கள்' என்கிற இடம் வந்ததும் குரல் உடைந்தது. இருமல், மறுபடி இருமல், மூச்சு திரும்பவில்லை. யாரோ தடதடவென்று படியேறி வந்தார்கள். ஸக்லூல் மைக்கைப் பிடுங்கி மிச்சத்தைச் சொல்லி முடித்தார். ஸக்லூலுக்கு அல்லா எல்லாம் கொடுத்தான், குரல் மட்டும் அவர் தொழிலிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டான். ஆணி தட்டிய ரம்பம் மாதிரி இருக்கும். ஆனாலும் பாங்கு பாங்குதான். சந்து நோன்பு திறந்தது. ஃபர்கலி திறக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து சால்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். தாய் சொல்வாளே, இவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது என்று, அதுதான் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது.

இரவு தராவீஹ் தொழுகைக்குப் போகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று அவர் வீட்டுக்கு ஓடப் பார்த்தார். தஃபீதா விடவில்லை. கையைப் பிடித்து நேராக மருந்துக்கடைக்குள் தள்ளினாள். மருந்துக்கடை இன்ஷிராஹ் என்கிற பெண்மணியுடையது. மருந்துப் படிப்புப் படித்தவர். கறார் பேச்சு, கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில். எங்கள் பக்கத்தில் மருந்துக்கடை வைத்தவரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

"வாங்க ஷேக்கே. நானும் ஒண்ணு முழுங்கிட்டேன், பரவால்ல" என்று வரவேற்றார். ஃபர்கலியின் தலை இன்னும் தொங்கியது. "எத்தன நாளா இருமல்?"

"பத்து நாள் இருக்கும் டாக்டரம்மா."

"சளி வருதா?"

"ஒரு சொட்டு இல்ல. வறட்டு இருமல்."

"மூச்சு வாங்குதா? நெஞ்சு வலி? துப்பினா ரத்தம்? ராத்திரில காய்ச்சல், வேர்வை?"

"அல்லா காப்பாத்தணும், அதெல்லாம் இல்ல."

"பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா? சில பிரஷர் மாத்திரையே வறட்டு இருமல கொண்டாந்து விட்டுரும், அதான் கேக்குறேன்."

"பிரஷர் எல்லாம் இல்ல."

"வேற என்ன சாப்பிட்டீங்க?"

ஃபர்கலி தயங்கினார். தஃபீதா அவர் சட்டைப்பையில் கையை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். பாதி காலியாக இருந்தது.

"இது யாரு கொடுத்தா?"

"யாரும் கொடுக்கல. போன வருஷம் இவளுக்குப் பல்லு வீங்கினப்ப வாங்கினது. மிச்சம் கெடந்துச்சு."

"அவங்க பல்லுக்கு வாங்கினத உங்க தொண்டைக்குப் போட்டீங்களா? நல்லவேளை, வீட்டுல மாட்டு மருந்து எதுவும் மிச்சம் இல்ல." இன்ஷிராஹ் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது ஜலதோஷத்தைத் தொடாது. அது வேற ஜாதிக் கிருமி, தானா வரும் தானா போகும். போகும்போது தொண்டையப் புண்ணாக்கிட்டுப் போகும். புண்ணான தோலு சும்மா இருக்காது. கொஞ்சம் தூசி பட்டாலும் குளிர்காத்து பட்டாலும் இருமச் சொல்லும். நீங்க இருமினா புண்ணு இன்னும் பெரிசாகும். அப்புறம் இன்னும் இருமல். புரியுதா?"

"புரியுது."

"புரியல. நான் ஒண்ணு கேக்குறேன். ஒரு கட்டிலுக்குப் பாலிஷ் போட்டு வச்சிருக்கீங்க. இன்னும் காயல. ஒருத்தன் வந்து உப்புத்தாள எடுத்துப் பரபரன்னு தேய்க்கிறான். என்ன செய்வீங்க?"

"கைய ஒடிச்சிருவேன்."

"அதத்தான் நீங்க உங்க தொண்டைக்குச் செய்யறீங்க. ஒரு நாளைக்கு அஞ்சு வேள, மைக் முன்னாடி 'க்ஹும் க்ஹும்'. அரிப்பு வந்தா செருமாதீங்க. எச்சில முழுங்குங்க. ரெண்டு வாய் வெந்நீர் குடிங்க."

"நோன்புல எங்கேர்ந்து வெந்நீர்?"

"நோன்ப விடுங்க. நோயாளிக்குச் சலுகை இருக்குல்ல? உடம்பு தேறினதும் களா வையுங்க."

"ஊருக்கே நோன்பு வைக்கச் சொல்றவன் நான். நான் வீட்டுல உக்காந்து தண்ணி குடிக்கவா?"

"ஆண்டவனே கொடுத்த சலுகைய வேணாம்னு திருப்பிக் கொடுக்க நீங்க யாரு?" என்றார் இன்ஷிராஹ். ஃபர்கலி வாயைத் திறப்பதற்குள் தஃபீதா முந்திக்கொண்டாள்: "அப்படிக் கேளுங்க டாக்டரம்மா!"

அப்புறம் வரிசையாகச் சொன்னார். படுக்கப் போகும்போது ஒரு கரண்டி தேன். கொய்யா இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி இளஞ்சூடாக. சோம்புத் தண்ணீரும் ஆகும். அறையில் அடுப்பு எரிந்தால் காற்று காய்ந்து போகும், பக்கத்தில் ஒரு ஏனத்தில் தண்ணீர் வையுங்கள். தலைக்கு இரண்டு தலையணை. மரத்தூள் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது, பெருநாள்வரை பட்டறை கிடையாது. பாங்கும் கிடையாது. "மூணு வாரம்கூட இழுக்கும், பயப்படாதீங்க. அதையும் தாண்டினா, இல்ல நான் மொதல்ல கேட்டேனே மூச்சு, ரத்தம், காய்ச்சல், அதுல ஒண்ணு வந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிரணும், என்கிட்ட வரக்கூடாது."

ஃபர்கலிக்குக் காதில் விழுந்தது 'பாங்கும் கிடையாது' என்ற ஒன்றுதான்.

அடுத்த நாளிலிருந்து அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாவது மாடி ஜன்னலைச் சாத்தி, ஒரு பட்டறைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, பகலில் தண்ணீர் குடிப்பதை ஒரு திருட்டுப் போலச் செய்தார். தஃபீதா எப்போதும்போலக் கயிற்றில் கூடையைக் கட்டிக் கீழே விட்டு ரொட்டி கேட்டாள். கூடை மேலே வந்தது. ரொட்டியோடு ஒரு கட்டுக் கொய்யா இலை இருந்தது.

"நான் கேக்கலயே!" என்று கீழே கத்தினாள்.

"நாங்க கேட்டமா? இழு, இழு!" என்று கீழிருந்து பதில் வந்தது.

மறுநாள் பூண்டுக்குக் கூடை விட்டாள். பூண்டோடு தேன் வந்தது. வெங்காயத்துக்கு விட்டாள், கருஞ்சீரக எண்ணெயும், ஒரு கம்பளித் தொப்பியும், மார்பில் தடவும் கற்பூரத் தைலமும் வந்தன. ஒருமுறை வெறும் கூடையைக் காற்றாடத் தொங்கவிட்டாள். அதிலும் கொய்யா இலை. எங்கள் ஊரில் இத்தனை கொய்யா மரம் இருப்பது அதுவரை அவளுக்கே தெரியாது. யார் போட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எந்த மரம் மொட்டையாகியிருந்தது என்று பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபர்கலி கஷாயத்தைக் குடித்தார். குடிக்கும்போது கண் கலங்கியது. ஆவி பட்டதால் என்று மனைவியிடம் சொன்னார். அந்த அன்பு அவருக்கு இனித்தது, அதே நேரத்தில் குத்தவும் செய்தது. மறுபடியும் சும்மா தின்கிற விருந்தாளியாகிவிட்டோமே என்று தோன்றியது. மரச்சுருள் மெத்தையில் படுத்த பையனுக்குக் கொடுத்தார்கள். குரல் போன ஆளுக்கும் கொடுக்கிறார்கள். பதிலுக்குக் கொடுக்க இவரிடம் இருந்த ஒரே பொருள் இப்போது ஸக்லூலின் வாயில் இருக்கிறது.

ஸக்லூல்தான் ஐந்து வேளையும் பாங்கு சொன்னார். முதல் நாள் பூனைகள் ஓடின. சந்துக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு மாலை ஜன்னலுக்குக் கீழே நாலைந்து பேர் நின்று பேசுவதும், நடுவில் 'செருமல்' என்கிற வார்த்தையும், பிறகு வெடித்துக் கிளம்பிய சிரிப்பும் ஃபர்கலியின் காதில் விழுந்தன. முன்னும் பின்னும் கேட்கவில்லை. அது போதாதா? அன்று அவர் தஃபீதாவிடம் சொன்னார்: "பெருநாள் கழிஞ்சதும் போர்ட் சயீதுக்குப் போயிரலாமா?"

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

"இங்க யாரு இருக்கா?"

தஃபீதா அடுப்படியில் கழுவிக் காயவைத்திருந்த தேன் குப்பிகளை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள்.

பெருநாள் வந்தது, போனது. சர்க்கரை தூவிய பிஸ்கட் கூடையிலேயே ஏறி வந்தது. இருமல் சொன்னபடியே மெதுவாக இறங்கியது. முதலில் ராத்திரி இருமல் நின்றது, பிறகு பேசும்போது வருவது நின்றது. அரிப்பு எட்டிப் பார்க்கும். இவர் எச்சிலை விழுங்குவார். அது திரும்பிப் போய்விடும். செருமாமல் இருப்பது நோன்பைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் பழகிக்கொண்டார். ஒரு நாள் குளியலறையில் மெதுவாக ஒரு வரி பாடிப் பார்த்தார். குரல் இருந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு வரி பாடினார். அதுவும் இருந்தது. ஈரத்தலையோடு அங்கேயே நின்று அழுதார்.

அன்று மாலை ஸக்லூல் படியேறி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"வியாழக்கிழம களா நோன்பு வைக்கிறோம். அன்னிக்கு முழுங்கினவன் எல்லாம் ஒரே நாள்ல. தனித்தனியா வச்சா ஒவ்வொருத்தனும் தள்ளிப்போட்டுக்கிட்டே போவான்."

ஃபர்கலியின் முகம் வாடியது. "எல்லாம் என்னால."

"ஒன்னாலதான். பின்ன, என் மாமியாராலயா?" ஸக்லூலுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. "நீ வந்து பாங்கு சொல்லு."

"வேணாம் ஸக்லூல். அந்த மைக்குல ஒரு ரேடியோவ வச்சிருங்க. தப்பில்லாமப் பாடும். இருமாது."

"ரேடியோவா?" ஸக்லூல் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "என் பொண்டாட்டி என்ன சொன்னா தெரியுமா? என் பாங்குக்கு உன் இருமலே தேவலயாம். வியாழக்கிழம வந்து சேரு." போய்விட்டார்.

வியாழக்கிழமை ஃபர்கலியும் நோன்பு வைத்தார். அவருக்கும் விட்டுப்போன நாட்கள் இருந்தன. அந்தியில் சுவரோரமாக நடந்து, யார் கண்ணையும் பார்க்காமல் பள்ளிவாசல் படியேறினார். மேலே போய் ஜன்னல் வழியே பார்த்தபோதுதான் தெரிந்தது. பட்டறைகளிலிருந்து பலகைகளை எடுத்து வந்து, தச்சு முக்காலிகள் மேல் பரப்பி, சந்து நெடுக ஒரே மேஜையாகப் போட்டிருந்தார்கள். அன்று துப்பித் தப்பித்தவர்கள், சின்னப் பிள்ளைகள், நோன்பே இல்லாதவர்கள்கூட உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் ஒரு பேரீச்சம்பழம்.

அவர் பெரிய கருவியைச் சூடேற்றினார். மைக் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்தார். நேரம் வந்ததும் பொத்தானை அமுக்கினார். 'டக்.' தொண்டையில் பழைய பயம், பழைய வறட்சி, செருமு செருமு என்றது. விழுங்கிக்கொண்டார். நேராகக் குரலை எடுத்தார்.

குரல் எழுந்தது. மூன்று வாரமாகக் கொய்யா இலையும் தேனும் குடித்து ஓய்ந்திருந்த குரல், கீறல் இல்லாமல், சிறகடித்துக்கொண்டு சந்துக்கு மேலே போனது. முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரி முடிந்தது.

கீழே ஒருவரும் அசையவில்லை.

கையில் பழத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கைகூட வாய்க்குப் போகவில்லை. என் பாங்கை இனி நம்பமாட்டார்கள், அவ்வளவுதான் என்று ஃபர்கலி நினைத்தார். வரிக்கும் வரிக்கும் நடுவில் மூச்சு வாங்க விடுகிற அந்த இடைவெளியில் அடுத்த வரி நாக்கில் எழாமல் நின்றார்.

அப்போது மேஜையின் நடுவிலிருந்து ஸக்லூல் எழுந்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"யோவ்! இது நீயா, ரேடியோவா?"

"நான்தான்!" என்று ஜன்னல் வழியே கத்தினார் ஃபர்கலி.

"அப்ப செருமல் எங்க? செருமாம எப்படிய்யா நாங்க நோன்பு திறக்கிறது?"

சந்து மொத்தமும் சேர்ந்துகொண்டது. "செருமு ஷேக்கே! செருமு! பசி உயிர் போகுது!" ஜன்னலுக்கடியில் அன்று சிரித்த அதே குரல்கள். அந்தச் சிரிப்பு எதைப் பற்றியது என்று ஃபர்கலிக்கு இப்போது விளங்கியது. எல்லா ஊரிலும் பாங்கு உண்டு. இவர்களுக்கு வேண்டியிருந்தது போர்ட் சயீதிலிருந்து வந்த பையன் பயந்துபோய்ச் செருமிய அந்தச் செருமல்.

அவர் மைக்குக்கு முன்னால் வந்து நின்றார்.

'க்ஹும். க்ஹும்.'

"ரெண்டு போதும்! அதுக்கு மேல ஒண்ணு வந்துச்சுன்னா கடைய விட்டு வந்துருவேன்!" என்று இன்ஷிராஹ்வின் குரல் கேட்டது. பழங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வாய்க்குப் போயின. ஃபர்கலி விட்ட இடத்திலிருந்து பாங்கைத் தொடர்ந்தார். கடைசி வரிகளில் குரல் உடைந்ததற்கு இருமலைக் குற்றம் சொல்ல முடியாது. முடித்துவிட்டு, ஆண்டவனுக்கும், அவன் படைத்த எல்லாக் கொய்யா மரங்களுக்குமாக வாய்விட்டு நன்றி சொன்னார். மைக்கை அணைத்துவிட்டுத்தான் சொன்னார்.

கீழே இறங்கி வந்தபோது பாதி மேஜை காலியாகியிருந்தது. ஸக்லூல் மட்டும் இன்னும் நோன்பு திறக்காமல், தம்ளரைக் கையில் பிடித்தபடி பக்கத்து இடத்துக்கு யாரையும் விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீ ஏன் இன்னும் குடிக்கல?" என்றார் ஃபர்கலி.

"போன தடவ உன்ன விட்டுட்டுக் குடிச்சேன், கணக்குல சேரல. உக்காரு." அவர் ஒரு பழத்தை எடுத்து ஃபர்கலியின் வாயில் வைத்துவிட்டு, தன் தம்ளரை ஒரே மூச்சில் இறக்கினார்.